உள்ளே முறுக்கிய வயர்

அந்த ஸ்பீக்கர் ஜோடியை வாங்கியது நான். என் சம்பளத்தில், என் காதை நம்பி வாங்கினேன். ஆனால் விற்றவர் ரசீதில் என் கணவரின் பெயரை எழுதினார். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். யார் பெயரில் போடுவது என்று அவர் கேட்கவே இல்லை. அன்றைக்கு எனக்கு அது சிரிப்பாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கணவரைக் கிண்டல் செய்துகொண்டு வந்தேன்.

நான் புக்கிட் தெங்காவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில், சோதனைப் பிரிவில் இருபது வருடங்களுக்கு மேலாக வேலை பார்க்கிறேன். சர்க்யூட் பலகைகள் என் மேசைக்கு வரும். மீட்டரின் இரண்டு ஊசிகளையும் இரண்டு புள்ளிகளில் வைத்துப் பார்ப்பேன். இணைப்பு இருந்தால் மீட்டர் பீப் என்று கத்தும். கத்த வேண்டிய இடத்தில் கத்தாவிட்டாலும் கோளாறு, கத்தக்கூடாத இடத்தில் கத்தினாலும் கோளாறு. என் பிழைப்பு இவ்வளவுதான். வீடு ஜெலுத்தோங்கில் ஒரு ஃபிளாட். மகள் கோலாலம்பூருக்கு வேலைக்குப் போன பிறகு அவளுடைய அறை காலியானது. அந்த அறையைப் பாட்டுக் கேட்கும் அறையாக்கிக்கொண்டேன். என் கணவர் பட்டர்வொர்த்தில் ஒரு சரக்கு அலுவலகத்தில் எழுத்தர். அவருக்குப் பாட்டில் நாட்டமில்லை. டிவியில் பேட்மிண்டன் ஓடினால் போதும். யாரிடமும் சண்டைக்குப் போகமாட்டார். நல்ல மனிதர் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

விற்றவர் பட்டர்வொர்த்துக்காரர். பழைய ஸ்பீக்கர், அதை ஓட்டும் பழைய ஆம்ப் எல்லாம் வாங்கிச் சரிசெய்து விற்பவர். பாட்டுப் பிரியர்கள் சேர்ந்த எங்கள் வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவர், என்னை அக்கா என்பார். ஆனால் அந்த அக்காவோடு சரி. மற்ற பேச்செல்லாம் என் தலைக்கு மேலே தாண்டி என் கணவரிடம் போகும்.

"இப்ப யாருண்ணே ஒரே ஆம்ப்ல ஓட்டறா? பேஸுக்கு ஒன்னு, மேல உள்ளதுக்கு ஒன்னு. பை-ஆம்ப் பண்ணிப் பாருங்க, பாட்டுக்காரி உங்க சோபாவுல வந்து உக்காந்துருவா லா."

என் கணவர் என்னைப் பார்த்தார்.

அவை ஐம்பது வருடப் பழைய பெட்டிகள். இடுப்பு உயரம். அந்தக் காலத்து ஸ்பீக்கரின் முதுகில் வயர் மாட்ட இரண்டு முனைகள்தான் இருக்கும். மாஸ்டர் அதை மாற்றி நான்கு பளபளக்கும் பித்தளை முனைகள் வைத்திருந்தார். கீழ் இரண்டும் பேஸ் எனும் அடியொலிக்கு, மேல் இரண்டும் நடுக்குரலுக்கும் கீச்சொலிக்கும். கீழ்முனைகளுக்கு ஓர் ஆம்ப், மேல்முனைகளுக்கு இன்னோர் ஆம்ப். செய்முறை எனக்குத் தெரியும். அதனால்தான் ஒரு கேள்வி கேட்டேன்.

"உள்ள கிராஸ்ஓவரையும் பிரிச்சிட்டீங்களா மாஸ்டர்?"

கிராஸ்ஓவர் என்பது பெட்டிக்குள் இருக்கும் சின்ன சர்க்யூட். எந்த ஒலி, அதை எழுப்பும் எந்தக் கூம்புக்குப் போக வேண்டும் என்று பிரித்து அனுப்புவது அதுதான். வெளியே முனைகளைப் பிரித்தால் உள்ளே அதையும் இரண்டாகப் பிரித்தே ஆக வேண்டும். பிரிக்காவிட்டால் இரண்டு ஆம்பும் உள்ளுக்குள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும்.

மாஸ்டர் என் கணவரின் தோளைத் தட்டினார். "அக்கா நல்லா படிச்சிட்டு வந்திருக்காங்க. எல்லாம் பிரிச்சாச்சுண்ணே. டோண்ட் வொரி."

என் கைப்பையில் மீட்டர் இருந்தது. எப்போதும் இருக்கும். ஊசியை மேல்முனையில் ஒன்று, கீழ்முனையில் ஒன்று வைத்திருந்தால் இரண்டு விநாடியில் தெரிந்திருக்கும். நான் எடுக்கவில்லை. ஒரு மனிதரை அவர் வீட்டிலேயே வைத்துச் சந்தேகப்படுவது மரியாதையில்லை என்று தோன்றியது. நாள் முழுவதும் அதே வேலையைச் சம்பளத்துக்குச் செய்கிறவள், தன் சொந்தப் பொருளுக்குச் செய்யக் கூச்சப்பட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

என்னிடம் ஏற்கெனவே இருந்த ஆம்பைப் போலவே இன்னொன்றையும் அவரிடமே வாங்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாம் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. முதல் பாட்டிலேயே இடதுபக்கப் பெட்டி சரியில்லை என்று தெரிந்துவிட்டது. வலதுபக்கம் பாடுகிறவள் நிம்மதியாகப் பாடினாள். இடதுபக்கம் அவளுக்குச் சளி பிடித்திருந்தது. மூக்கால் பாடினாள். பேஸ் வரும்போது ஈரத்துணியை உதறுவது போல ஒரு சத்தம். போதாக்குறைக்கு, பக்கத்தில் போனால் ஒரு நாற்றம். கருவாடும் பழைய பேப்பரும் சேர்ந்தாற்போல.

மாஸ்டருக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்ததுமே, "அண்ணன்கிட்ட கொடுங்கக்கா" என்றார். கொடுத்தேன். போனை ஸ்பீக்கரில் போடச் சொல்லி நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"லேடீஸ் காது கொஞ்சம் ஷார்ப்புண்ணே. மேல் சத்தம் அதிகமாக் கேக்கும். ஒரு நூறு மணி நேரம் ஓடட்டும், தன்னால செட்டில் ஆயிரும்."

"சரி மாஸ்டர்," என்றார் என் கணவர்.

நூறு மணி நேரம் நான் காத்திருக்கவில்லை. அடுத்த நாள் வேலை முடிந்து வந்ததும் வயர்களை இடம் மாற்றிப் பார்த்தேன். இடதுக்குப் போனதை வலதுக்கும், வலதுக்குப் போனதை இடதுக்கும் மாட்டினேன். கோளாறு ஆம்பில் இருந்தால் சளி வலதுபக்கம் போயிருக்க வேண்டும். போகவில்லை. பெட்டிகளையே இடம் மாற்றி வைத்தேன். சளி பெட்டியோடேயே போனது. அறையில் தவறில்லை, ஆம்பில் தவறில்லை, என் காதிலும் தவறில்லை. அந்த ஒரு பெட்டியில்தான்.

இதை ஒரு தாளில் நான்கு வரியாக எழுதி என் கணவரிடம் கொடுத்தேன். அவர் மாஸ்டரைக் கூப்பிட்டு, தாளைப் பார்த்து அப்படியே வாசித்தார்.

"அண்ணே!" என்றார் மாஸ்டர். "சூப்பரா செக் பண்ணியிருக்கீங்க. இந்த மாதிரி பொறுமையா செக் பண்ற ஆளு நம்ம குரூப்லயே இல்ல. நான் வந்து பாக்கறேன்."

என் கணவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். முகத்தில் ஒரு வெளிச்சம். எனக்கு அப்போதும் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கவில்லை. கல்யாணமாகி இத்தனை வருடத்தில், செய்யாத வேலைக்குப் பாராட்டு வாங்கி அந்த முகம் மலர்வதை அன்றைக்குத்தான் பார்த்தேன். சாப்பாட்டில் முடி கிடந்த மாதிரி இருந்தது.

மாஸ்டர் வரவில்லை. இந்த வாரம், அடுத்த வாரம் என்று போனது. நானாக ஒரு காரியம் செய்தேன். அந்த மூக்குச் சத்தத்தைக் குறைக்கலாமென்று மேல்பக்க ஆம்பின் ஒலியை மட்டும் கொஞ்சம் இறக்கி வைத்தேன். பை-ஆம்பில் அது ஒரு வசதி. இரண்டையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கலாம். கேட்கவும் பரவாயில்லை போலிருந்தது. அப்படியே ஓடவிட்டுச் சமையலறைக்குப் போனேன். மீன் கழுவிக்கொண்டிருந்தபோது தீய்ந்த வாடை வந்தது. அடுப்பைப் பார்த்தேன், அணைந்துதான் இருந்தது. அறைக்கு ஓடினேன். மேல்பக்க ஆம்பின் காற்றோட்டத் துவாரங்களிலிருந்து வெண்புகை எழுந்துகொண்டிருந்தது. பிளக்கைப் பிடுங்கினேன். இடதுபக்கச் சானல் செத்துப்போயிருந்தது.

அப்போதுதான் மீட்டரை எடுத்தேன்.

வயர்களையெல்லாம் கழற்றிவிட்டு, இடதுபெட்டியின் மேல்முனையில் ஓர் ஊசி, கீழ்முனையில் ஓர் ஊசி. பீப். கத்தக்கூடாத இடம். வலதுபெட்டியில் வைத்தேன், சத்தமே இல்லை. திரும்ப இடது. பீப். இரண்டு ஆம்பும் ஒரே அளவில் ஓடியவரை ஒன்றையொன்று தள்ளாமல் இருந்திருக்கின்றன. நான் ஒன்றைக் குறைத்ததும் மற்றது தன் பலத்தையெல்லாம் அதன் தலையில் கொட்டியிருக்கிறது. கையைக் கழுவாமல் ஓடி வந்ததால் மீட்டரெல்லாம் மீன் செதில்.

மறுநாள் விடுப்பு எடுத்துப் பெட்டியைத் திறந்தேன். பேஸ் கூம்பை, வூஃபரை, எட்டு திருகாணிகள் பிடித்திருந்தன. அதைச் சுற்றியிருந்த ஃபோம் வளையம் என் விரல் பட்டதும் உருகிய மிட்டாய் போலக் கையோடு வந்தது. கறுப்பாக, ஒட்டிக்கொண்டு, இழுத்தால் நூல் விட்டது. அதன் மேல் யாரோ கறுப்பு மையைத் தடவிப் புதிது போலக் காட்டியிருந்தார்கள். வூஃபரை வெளியே எடுத்ததும் உள்ளேயிருந்து கரப்பான்பூச்சிகள் வந்தன. ஒன்றிரண்டு அல்ல. பஞ்சுக்குள்ளிருந்து, பலகை இடுக்கிலிருந்து, என் முழங்கையேறி, ஒன்று சட்டைக்குள்ளும் போனது. கத்திக்கொண்டே குளியலறைக்கு ஓடினேன். திரும்பி வந்து மருந்தடித்து, துணியால் மூக்கைக் கட்டிக்கொண்டு பஞ்சை இழுத்தேன். முட்டைக் கூடுகள், சிறகுகள், ஒரு காய்ந்த பல்லி. பேஸ் வெளியேறும் ஓட்டை வழியாக வருடக்கணக்காகக் குடித்தனம் நடத்தியிருக்கின்றன. இந்த ஓட்டைக்கு முன்னால்தான் இத்தனை நாள் முகத்தை வைத்து, வாயைத் திறந்து, பாட்டுக் கேட்டிருக்கிறேன்.

ஆனால் ஓங்கரிப்பு வந்தது அதற்கு அப்புறம்தான். பூச்சிக்குத் தெரியாது. மனிதனுக்குத் தெரியும். நான்கு முனைகளின் பின்புறத்தைப் பார்த்தேன். மேல்முனையையும் கீழ்முனையையும் ஒரு துண்டு வயரால் சேர்த்து முறுக்கி, டேப் சுற்றியிருந்தது. ஈயம்கூட வைக்கவில்லை. கிராஸ்ஓவர் பலகை பிரிக்கப்படாமல் பழையபடியே இருந்தது. குறுக்கே விரிசல் வேறு. விரிசல் விட்ட பலகையைப் பிரிப்பது சிரமம். வலதுபெட்டியில் ஒழுங்காகச் செய்தவர் இதில் வேலையை விட்டுவிட்டு, வெளியே மட்டும் நான்கு முனைகளைப் பூட்டியிருக்கிறார். நடுக்குரலுக்கான கெப்பாசிட்டர் இருந்த இடத்தில் கார் ஸ்பீக்கரிலிருந்து பிடுங்கிய ஏதோ ஒன்று தொங்கியது. ஜூருவில் காடி ஆடியோ கடைகளில் குப்பையோடு கிடக்குமே, அந்த மாதிரி. அளவே வேறு. சளிக்குக் காரணம் அதுதான்.

எல்லாவற்றையும் படம் எடுத்தேன். மாஸ்டருக்கு அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. பதில் இல்லை.

இரண்டு நாள் கழித்து வேலையிலிருந்து வந்தால், புகைந்த ஆம்பைக் காணோம். கூடத்து மேசையில் ஒரு சிடி பிளேயர் உட்கார்ந்திருந்தது.

"மாஸ்டர் வந்திருந்தாரு," என்றார் என் கணவர். அன்றைக்கு அவருக்கு அரைநாள் விடுப்பு. "ஆம்ப சரி பண்ணி கொடுத்துர்றாராம். ரொம்ப வருத்தப்பட்டாரும்மா. அவரு ஆளு யாரோ பண்ண தப்பாம்."

"அவர்கிட்ட ஏதுங்க ஆளு? அவர் ஒருத்தர்தானே எல்லாம் செய்றாரு?"

"அது எனக்கெப்படி தெரியும்?"

"இது என்ன?"

"சும்மா கொடுத்தாரு. உங்கிட்ட பழைய சிடியெல்லாம் இருக்குல்ல, அதுக்கு."

நான் வேறெதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். எனக்கு அப்போது பெட்டியைச் சரிசெய்யும் வெறி. முறுக்கிய வயரை வெட்டி எறிந்தேன். விரிசல் பலகையிலிருந்த பாகங்களைப் பெயர்த்து, பேஸுக்கு ஒரு பலகை, மேல் ஒலிகளுக்கு ஒரு பலகை என்று புதிதாகக் கட்டினேன். வலதுபெட்டியில் இருந்த அளவுகளைப் பார்த்துக் கெப்பாசிட்டர்கள் வரவழைத்தேன். இரண்டு வூஃபர்களுக்கும் புது ஃபோம் வளையம் ஒட்டினேன். கூம்பு வெளியே வர வேண்டிய நேரத்தில் இரண்டும் ஒன்றாக வருகின்றனவா என்று ஒரு சின்னப் பேட்டரியை முனைகளில் தொடவைத்துப் பார்த்தேன். பெட்டியின் உட்புறத்தை டெட்டாலால் மூன்று முறை துடைத்தேன். கையில் ஒட்டிய அந்தக் கறுப்புப் பிசின் போக ஒரு வாரமானது. தொழிற்சாலையில் சாப்பிடும்போதெல்லாம் கையை மோந்து பார்ப்பேன். பக்கத்தில் இருப்பவள் ஏன் என்று கேட்பாள்.

மாஸ்டர் ஆம்பை அனுப்பி வைத்தார். அதையும் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மாட்டினேன். நன்றாக இருந்தது. உண்மையிலேயே நன்றாக இருந்தது. இரண்டு பக்கமும் ஒரே பெண் பாடினாள்.

அடுத்த ஞாயிறு மாஸ்டர் குழுவிலிருந்து நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு பாட்டுக் கேட்க வந்தார். என் கணவர்தான் சரி என்று சொல்லியிருந்தார். எனக்குக் காலையில்தான் தெரியும். வந்தவர்களில் ஒருவர் பாய். லெபு சூலியா தெருவில் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், அறுபதைத் தாண்டியவர். என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டு, இங்கே உட்காருங்கள் என்று எனக்கு இடம் விட்டவர் அவர் ஒருவர்தான். நான் உட்காரவில்லை. தேத்தண்ணி போடப் போய்விட்டேன்.

சமையலறையில் இருந்தபடியே கேட்டது.

"பேஸ் எப்படி நிக்குது பாருங்க," என்றார் மாஸ்டர். "அதே பெட்டி, அதே வேலை. நான் பண்ணி கொடுத்தது. மேல கொஞ்சம் டியூனிங் மட்டும் அண்ணன் பண்ணாரு."

"தம்பி பண்ணீங்களா?" இது பாயின் குரல். "நல்ல கை உங்களுக்கு."

அவர் என் பெயரைச் சொல்வார் என்று காது கொடுத்துக் கேட்டேன். பிறகு என் கணவர் சொன்னார்: "அதெல்லாம் பெரிய வேலை இல்ல பாய். கொஞ்சம் பொறுமை வேணும்."

தட்டோடு கதவருகே நின்றேன். மாஸ்டர் என்னைப் பார்த்தார், பார்வையைத் திருப்பிக்கொண்டார். நான் வாயைத் திறந்திருக்கலாம். போனில் படங்கள் இருந்தன. ஆனால் ஐந்து பேர் முன்னால் என் கணவரின் முகம் தொங்கிப்போவதை என்னால் பார்க்க முடியாது என்று தோன்றியது. இன்னொன்றும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். அவர்கள் அந்தச் சத்தத்தைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். அது என் சத்தம். அந்தப் புகழ்ச்சி நின்றுவிடக்கூடாது என்று இருந்தது. தேத்தண்ணியை ஒவ்வொருவர் முன்னாலும் வைத்தேன். மாஸ்டருக்கும் வைத்தேன்.

மூன்று மாதம் கழித்துப் பாய் என் கணவருக்குப் போன் செய்தார். அவர் குளித்துக்கொண்டிருந்ததால் நான் எடுத்தேன்.

"தங்கச்சி, தம்பி இல்லையா? மாஸ்டர்கிட்ட ஒரு ஜோடி வாங்கினேன், உங்க வீட்டு மாதிரியே நாலு முனை. நேத்து ஆம்ப்ல கருகின வாடை வருது. மாஸ்டர் போன எடுக்கல. தம்பிக்குத் தெரியுமேன்னு..."

"எப்ப வாங்கினீங்க பாய்?"

"போன மாசம். தம்பிகிட்ட கேட்டுட்டுத்தானே வாங்கினேன். மாஸ்டர் வேலைன்னா கண்ண மூடிட்டு வாங்கலாம்னு சொன்னாரே."

குளித்துவிட்டு வந்தவரிடம் கேட்டேன். துண்டோடு நின்றபடியே சொன்னார். சிடி பிளேயர் கொடுத்த அன்றைக்கே மாஸ்டர், குரூப்பில் இதைப் பற்றி எதுவும் வரவேண்டாம் என்று கேட்டுக்கொண்டாராம். இவரும் சரி என்றாராம். பாய் கேட்டபோது வேறென்ன சொல்ல முடியும்?

"உண்மைய சொல்லியிருக்கலாம்."

"சொல்லி? அவரு பொழப்ப கெடுக்கறதா? நமக்குத்தான் சரி ஆயிருச்சுல்ல. நீயும்தானே அன்னிக்கு ஒன்னும் சொல்லல?"

கடைசியாகச் சொன்னது உண்மை. அதனால்தான் அவர் மேல் இன்னும் வெறுப்பு வந்தது. தலை துவட்டிக்கொண்டிருந்த அந்த ஈரமான உடம்பைப் பார்க்கவே எனக்குக் கூசியது. எழுந்து சமையலறைக்குப் போய் வெறும் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

மறுநாள் மாலை வேலை முடிந்ததும் மீட்டரையும் திருப்புளியையும் எடுத்துக்கொண்டு ஆயர் ஈத்தாமில் இருக்கும் பாய் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"தம்பி காடிய பார்க் பண்றாரா?"

"அவர் வரல பாய். நான்தான் பாக்கணும்."

அவர் முகத்தில் ஒரு தயக்கம். ஆனாலும் உள்ளே விட்டார். வயர்களைக் கழற்றச் சொன்னேன். என்ன நடந்திருக்கும் என்று விளக்க ஆரம்பித்தேன். ஆம்ப், முனை, உள்ளே சேர்ந்திருப்பது. பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சரி தங்கச்சி. தம்பி என்ன சொல்றாரு?"

மாஸ்டர் கேட்டிருந்தால் வேறு. இவர் நல்லவர். நல்லவர்களும் இதையேதான் கேட்கிறார்கள். மீட்டரின் ஊசிகளை அவர் கையில் கொடுத்தேன்.

"நீங்களே வைங்க பாய். ஒன்னு மேல, ஒன்னு கீழ. கத்தக்கூடாது."

வைத்தார். கத்தியது. மற்றப் பெட்டியிலும் வைத்தார். அதுவும் கத்தியது. இவருக்கு இரண்டையுமே பிரிக்கவில்லை. பாய் ஊசியை எடுத்து எடுத்துத் திரும்பத் திரும்ப வைத்தார். அப்புறம் மீட்டரை மெல்லத் தரையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இதுதான் கோளாறுன்னு வந்த ஒடனே எப்படி சொன்னீங்க?"

"எங்க பெட்டியிலயும் இதேதான் இருந்துச்சு."

"எப்ப?"

"நீங்கள்லாம் வீட்டுக்கு வந்தீங்களே, அதுக்கு முன்னாலயே."

அவர் தரையிலிருந்த மீட்டரை என் பக்கம் தள்ளிவைத்தார்.

"அன்னிக்கு எனக்குத் தேத்தண்ணி கொண்டாந்து வச்சீங்க தங்கச்சி. அப்பவே தெரியும் உங்களுக்கு."

"ஆமா பாய்."

அவர் கோபப்படவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டார். கெட்டுப்போனதைத் தெரியாமல் வாயில் வைத்துவிட்டவர் முகம் போகுமே, அப்படி. மாஸ்டரைப் பார்த்தும் என் கணவரைப் பார்த்தும் என் முகம் போனதும் அப்படித்தான். இப்போது அந்த முகம் நேராக என்னைப் பார்த்தே இருந்தது. மன்னிப்புக் கேட்டேன். "சரி, விடுங்க" என்றார். அதற்கு விட்டுவிட்டேன் என்று அர்த்தமில்லை என்பது எனக்குத் தெரியும்.

அந்தப் பெட்டிகளை முடிக்க எனக்கு மூன்று மாலைகள் ஆயின. பாய் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், என் கையையே பார்த்துக்கொண்டு. முன்பு போல எதுவும் பேசவில்லை. அவர் வீட்டம்மா பலகாரம் கொண்டுவந்து வைத்தார். நான் தொடவில்லை. கடைசி நாள் பாட்டைப் போட்டுக் காட்டினேன். "நல்லாருக்கு" என்றார். வாசல்வரை வந்தார். என் செருப்பைப் பார்த்தபடி, "இதுக்குக் கூலி எவ்வளவு வெள்ளி?" என்றார். ஒன்றும் வேண்டாம் என்றேன். அதையும் அவர் விரும்பவில்லை என்று நினைக்கிறேன்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் என்னிடமிருந்த எல்லாப் படங்களையும் குழுவில் போட்டேன். கரப்பான்பூச்சி, பிசின், முறுக்கிய வயர், பாய் வீட்டு இரண்டு பெட்டிகள். கீழே எழுதினேன்: 'இதைக் கண்டுபிடித்ததும் சரிசெய்ததும் நான். என் கணவர் இல்லை. தெரிந்தும் மூன்று மாதம் சொல்லாமல் இருந்ததும் நான்தான். மாஸ்டரிடம் நான்கு முனைப் பெட்டி வாங்கியவர்கள் ஓட்டுவதற்கு முன் மேல்முனையும் கீழ்முனையும் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்கவும்.'

அரைமணி நேரத்தில் என்னைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். மாஸ்டர் அதற்கப்புறம் எழுதியதை என் கணவரின் போனில்தான் பார்த்தேன். 'அக்காவுக்கு ஏதோ வீட்டுப் பிரச்சினை. அண்ணனுக்காக நாம் பொறுத்துக்கொள்வோம்.' கீழே கும்பிடும் கைகள் வரிசையாக விழுந்திருந்தன. மாஸ்டர் இன்றைக்கும் விற்றுக்கொண்டுதான் இருக்கிறார். அவருடைய விளம்பரத்தில் ஒரு புதுவரி சேர்ந்திருக்கிறதாம், மீட்டரில் சோதிக்கப்பட்டது என்று.

என் கணவர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. அந்த சிடி பிளேயரை அவரே பட்டர்வொர்த்துக்குக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். நான் கேட்காமலேயே செய்தார். அதற்காக நான் நன்றி சொல்லவில்லை. எட்டாம் நாள், சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "அந்த ஆளு என்ன அண்ணே அண்ணேன்னு கூப்பிட்டாரு. ஆபீஸ்ல யாரும் என்ன ஒன்னும் கேக்கறதில்ல. தெரிஞ்சவன் மாதிரி நாலு பேரு பேசினது நல்லாருந்துச்சு." அது பொய்யில்லை என்று எனக்குப் பட்டது. கேட்டு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. குழம்பை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

போன மாதம் தெரியாத எண்ணிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். கூலிமில் இருக்கிறாராம். மாஸ்டரிடம் பெட்டி வாங்கியவர். பாய்தான் என் எண்ணைக் கொடுத்தாராம்.

"அக்கா, மீட்டர் வச்சிப் பாக்கறது நீங்கதானே?"

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன். பேட்மிண்டன் பார்த்துக்கொண்டிருந்த என் கணவர் டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

"பெட்டிய ஒரு ஆளா பெரட்ட முடியாதே. நானும் வரட்டுமா?"

எனக்கு உடனே வேண்டாம் என்றுதான் வந்தது. ஆனால் என் முதுகுவலி எனக்குத் தெரியும்.

"வாங்க," என்றேன். "பேசாம தூக்குங்க."